பெட்ரிக் ஸ்மெத்தனா

பெட்ரிக் ஸ்மெத்தனா (மார்ச் 2, 1824 - மே 12, 1884) செக் நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற இசையமைப்பாளரும் பியானோ கலைஞரும் இசை நடத்துநரும் ஆவார். செக் தேசிய இசையின் தந்தை என அந்நாட்டவர் இவரைப் போற்றுகின்றனர். விற்கப்பட்ட மணமகள் என்னும் இசை நாடகமும், என் தாய்நாடு என்னும் ஆறு பகுதிகள் கொண்ட சிம்பொனிக் கவிதைத் தொகுதியும் இவருடைய படைப்புகளுள் உலகளவில் அறியப்பட்டவை. 1874 ஆம் ஆண்டில், தமது ஐம்பதாவது வயதில், சில மாத இடைவெளிக்குள் ஸ்மெத்தனா இரு காதுகளின் கேட்கும் திறனையும் முற்றாக இழந்தார். அதனுடன் வந்த காதிரைச்சல் அவரை விட்டு நீங்கவில்லை. என் தாய்நாடு தொகுதியின் ஐந்து பகுதிகள் முழுமையாகவும், எஞ்சிய ஒன்றின் ஒரு பகுதியும், காது கேளாத நிலையில் எழுதப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

இவருடைய குடும்பப் பெயருக்குச் செக் மொழியில் பாலேடு என்று பொருள். பெயரின் முதல் அசையையே அழுத்தி ஒலிக்க வேண்டும். ஐரோப்பிய வானொலி அறிவிப்பாளர்களே பலமுறை இரண்டாம் அசையை அழுத்திவிடுவதுண்டு.

இளமைக்காலம்

ஸ்மெத்தனா அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பொகீமியாவில், லிட்டோமிசில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பிராண்டிசெக் ஸ்மெத்தனா அவ்வூர்க் கோட்டையைச் சேர்ந்த பீர் வடிப்பாலையை நடத்தி வந்தார். தாய் பார்போரா. குழந்தைப் பருவத்தைக் கடந்து பிழைத்த முதல் ஆண் குழந்தை இவரே. வீட்டில் வயலினும் பியானோவும் கற்றுக்கொண்ட இவர் 1830 இல், ஆறு வயதில், முதன்முறையாகப் பொது மேடையில் பியானோ வாசித்தார்.

அக்காலத்தில் பொகீமியாவில் கல்வி, அலுவலகம், நாகரிக உரையாடல் ஆகிய யாவும் செருமன் மொழியிலேயே நிகழ்ந்தன. ஸ்மெத்தனாவும் செருமன் மொழியிலேயே பயின்றார். திருமுழுக்கின்போது இடப்பட்ட பெயர்கூட பிரீட்ரிக் என்பதே. பெட்ரிக் என்பது அதன் செக் வடிவம். செக் தேசிய இசையின் தந்தை எனப்படுபவர் செக் மொழியைப் பிழையின்றி எழுத முயன்றது தமது முப்பத்தைந்து வயதுக்குப் பின்னரே.

1840 இல் பிராக் நகரில் பிரான்சு லிஸ்ட்டின் பியானோ கச்சேரிகளைக் கேட்டது இவருடைய வாழ்க்கைப் பாதையை முடிவு செய்தது எனலாம். 1843 இல் பிராக் வந்து யோசப் புரோக்சு என்பவரிடம் இசைக் கோட்பாடு பயின்றார். 1848 ஆம் ஆண்டுப் புரட்சியின்போது மாணவர் படைக்கென அணிவகுப்பு இசை எழுதினார். அதே ஆண்டில் பியானோ பள்ளி ஒன்றையும் தொடங்கினார். பொருளுதவி கேட்டு லிஸ்ட்டுக்கு எழுதி, தமது முதல் வெளியீடான ஆறு பியானோ துண்டுகளை அவருக்குக் காணிக்கையாக்கினார். லிஸ்ட் பணம் அனுப்பவில்லை. ஆனால் பதிப்பாளர் ஒருவரைத் தேடித் தந்தார். இந்த நட்பு இறுதிவரை நீடித்தது.

1849 இல் கத்தரீனா கோலார்சோவாவை மணந்தார். பிறந்த நான்கு பெண் குழந்தைகளுள் மூவர் 1854 முதல் 1856 வரையான இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தனர். இசைத் திறமை மிக்கவளாக இருந்த மூத்த மகள் பெட்ரிசுக்கா 1855 இல் செங்காய்ச்சலால் இறந்தபோது எழுதப்பட்டதே ஜி மைனர் பியானோ மூவிசை. 1856 இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகருக்குச் சென்று இசைப்பள்ளி நடத்தினார். குளிர் தாங்காது காசநோய் முற்றிய கத்தரீனா, ஊர் திரும்பும் வழியில் 1859 இல் டிரெசுடன் நகரில் காலமானார். 1860 இல் பெட்டினா பெர்டினாண்டோவாவை இரண்டாம் மனைவியாக ஏற்று, 1861 இல் பிராக் திரும்பினார்.

தற்காலிக அரங்கு

செக் மொழி நாடகங்களுக்கென 1862 இல் பிராக் நகரில் தற்காலிக அரங்கு என்னும் பெயரிலேயே ஓர் அரங்கு திறக்கப்பட்டது. பொகீமியாவில் பிராண்டன்பர்கர்கள் (சனவரி 5, 1866), விற்கப்பட்ட மணமகள் (மே 30, 1866) ஆகிய இசை நாடகங்கள் அங்கு அரங்கேறிய பின்னர் அவ்வாண்டிலேயே ஸ்மெத்தனா அதன் தலைமை இசை நடத்துநராக அமர்த்தப்பட்டார். அவருடைய இசைக்குழுவில் வியோலா வாசித்த இளைஞர்களுள் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற அன்டோனின் துவோர்சாக் ஆவார்.

பதவிக்காலம் அமைதியாக இருக்கவில்லை. 1868 இல் அரங்கேறிய தாலிபோர் என்னும் இசை நாடகம் வாக்னரைப் பின்பற்றுகிறது, செக் தன்மை உடையதன்று என்று எதிர்ப்பாளர்கள் குற்றஞ்சாட்டினர். பாடல் ஆசிரியர் பிராண்டிசெக் பிவோடா தலைமையில் பத்திரிகைகளில் தொடர்ந்து தாக்குதல் நடந்தது. நோய் தாக்கிய 1874 இலும் இந்தப் பூசல் ஓயவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் இரு கைம்பெண்கள் என்னும் நகைச்சுவை இசை நாடகத்தை அவரே நடத்தி அரங்கேற்றினார். காது கேட்கும் நிலையில் அவர் அரங்கேற்றிய இறுதி இசை நாடகம் அதுவே.

செவித்திறன் இழப்பு

1874 ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஸ்மெத்தனாவுக்குத் தொண்டைப் புண்ணும் உடலில் தடிப்புகளும் தோன்றின. பின்னர்க் காது அடைத்துக்கொண்டது போன்ற உணர்வு ஏற்பட்டது. சூலை மாதத்தில் அவர் கவனித்த மாற்றம் வேறு வகையானது. மேல் ஸ்தாயிச் சுரங்கள் ஒரு காதில் ஒரு சுருதியிலும் மற்றக் காதில் வேறொரு சுருதியிலும் கேட்கத் தொடங்கின. அவ்வப்போது காதில் கூச்சமும், பெரிய அருவியின் அருகில் நிற்பது போன்ற பேரிரைச்சலும் வந்து போயின. சூலை இறுதியில் இரைச்சல் நிலைத்துவிட்டது. தலைச்சுற்றலும் சேர்ந்துகொண்டதால் அங்குமிங்கும் தள்ளாடியே நடக்க முடிந்தது. இவற்றையெல்லாம் செப்டம்பர் தொடக்கத்தில் அரங்க நிர்வாகத்தின் துணைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே வரிசையாக விவரித்துள்ளார். இசை நடத்தும் பணியிலிருந்தும் ஒத்திகைகளிலிருந்தும் தம்மைத் தற்காலிகமாக விடுவிக்குமாறும், அடுத்த மூன்று மாதங்களில் நிலைமை மோசமானால் பதவியைத் துறக்க நேரிடும் என்றும் அக்கடிதத்தில் தெரிவித்தார்.

நோயாளி ஒருவர் தம் அறிகுறிகளை இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்தது அக்காலத்தில் அரிது. இரு காதுகளில் இருவேறு சுருதி கேட்பது ஏன் என்பதை இன்று ஓரளவு விளக்க முடியும். உட்காதில் நத்தை ஓடு போன்று சுருண்ட குழல் ஒன்று உள்ளது. அதன் அடிப்பகுதியிலுள்ள மயிர்க்கலங்கள் உயர் அதிர்வெண்களையும், நுனிப்பகுதியிலுள்ளவை தாழ் அதிர்வெண்களையும் உணர்கின்றன. எந்த இடத்திலிருந்து சமிக்ஞை வருகிறது என்பதைக் கொண்டே மூளை சுருதியை அறிகிறது. ஒரு காதில் குறிப்பிட்ட இடம் பழுதுபட்டால், பக்கத்து இடங்களின் சமிக்ஞை முந்திக்கொண்டு சுருதி சற்று விலகிக் கேட்கும். சாதாரண மனிதர் இதைக் கவனிக்காமலே இருந்துவிடக்கூடும். புல்லாங்குழலும் வயலினும் இணைந்து ஒலிக்கின்றனவா என்று நாள் முழுவதும் கேட்டுத் திருத்துவதே தொழிலாகக் கொண்டவருக்கு அது வாழ்வாதாரத்தின் அடித்தளத்தையே அசைப்பதாகும்.

கேட்கும் திறனில் ஏற்ற இறக்கம், இரைச்சல், தலைச்சுற்றல் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது உட்காதின் கோளாற்றைக் குறிக்கும். தலைச்சுற்றல் மூளையிலிருந்து மட்டுமன்றி உட்காதிலிருந்தும் வரக்கூடும் என்று பிரெஞ்சு மருத்துவர் புரோசுபர் மெனியே 1861 இல்தான் எடுத்துரைத்திருந்தார். செவித்திறனை அளக்கும் மின்கருவி அப்போது இல்லை. அளவீடு செய்யக்கூடிய சிறந்த கருவியாக ஸ்மெத்தனாவின் பயிற்சி பெற்ற காதே இருந்தது, அதுதான் பழுதாகிக்கொண்டிருந்தது.

அக்டோபரில் முதலில் வலது காது செயலிழந்தது. அக்டோபர் 20 அன்று இடது காதும் கேளாமற் போயிற்று. அதன்பின் வாழ்ந்த ஒன்பதரை ஆண்டுகளில் அவர் வெளியுலகின் ஒலி எதையும் கேட்கவில்லை. பேத்தோவனுடன் இவரை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் பேத்தோவனின் செவித்திறன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் குறைந்தது. காதுக்குழல், உரையாடல் ஏடு என ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்ள அவருக்குக் காலம் கிடைத்தது. ஸ்மெத்தனாவுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ மூன்று மாதங்களே.

முதல் மாதங்கள்

பிராக் நகரின் காது மருத்துவர் எமானுவேல் சவுஃபால் அவருக்குச் சிகிச்சை அளித்தார். காதுக்கு முழு ஓய்வு தரவேண்டும் என்பது சிகிச்சையின் மையக் கருத்து. ஸ்மெத்தனா வீட்டிலேயே அடைந்து கிடந்தார். காதுகள் பஞ்சினால் மூடப்பட்டன. இசை முற்றிலும் விலக்கப்பட்டது. வீட்டிலுள்ளோர் ஓசை எழுப்பக் கூடாது என்பது விதி. காதிரைச்சலால் துன்புறுவோருக்கு முழு அமைதி உதவுவதில்லை என்பதும், மெல்லிய புற ஒலி இருக்கும்போது இரைச்சல் குறைவாக உணரப்படும் என்பதும் இன்றைய மருத்துவத்தின் பொதுவான கருத்து. ஆயினும் ஸ்மெத்தனாவின் நிலையில் புற ஒலி எதுவும் உட்புக வழியில்லாததால், இந்த அறிவும் அவருக்குப் பெரிதாகப் பயன்பட்டிராது.

கேளாத காதில் ஏன் இரைச்சல் என்ற கேள்வி எழலாம். உட்காதிலிருந்து வரும் சமிக்ஞை குறையும்போது, செவிப்புல நரம்பு மண்டலம் தன் பெருக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கங்களுள் ஒன்று. நிலையம் கிடைக்காத வானொலியின் ஒலியளவை முழுவதும் திருகினால் வெறும் இரைச்சல் கேட்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இந்தக் காலகட்டத்தில் ஸ்மெத்தனா செய்தது வியப்புக்குரியது. செப்டம்பர் இறுதியில், கேட்கும் திறன் அற்றுக்கொண்டிருந்தபோது, விசெக்ராட் என்னும் சிம்பொனிக் கவிதையை எழுதத் தொடங்கியிருந்தார். முழுமையாகக் கேளாமற்போன பின்னரும் அதை நிறுத்தவில்லை. நவம்பர் 18 அன்று அதை நிறைவு செய்தார். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 20 அன்று, வால்ட்டாவா ஆற்றைப் பற்றிய அடுத்த படைப்பைத் தொடங்கினார். டிசம்பர் 8 அன்று அதுவும் முடிந்தது. பத்தொன்பது நாள்களில் எழுதப்பட்ட அந்தப் படைப்பே இன்று அவருடைய இசையுள் மிகுதியாக வாசிக்கப்படுவது. இரு சிற்றோடைகளாக ஊறி, காட்டையும் கிராமத் திருமணத்தையும் பாறை விரைவோட்டத்தையும் கடந்து பிராக் நகரை அடையும் ஆற்றின் ஓட்டத்தை அது ஒலியில் காட்டுகிறது. முதலில் இரண்டு புல்லாங்குழல்கள் மாறி மாறித் தொடங்குவதைக் கேட்போர், அதை எழுதியவரின் தலைக்குள் அப்போது அருவி இரைச்சலே நிறைந்திருந்தது என்பதை ஊகிக்க இயலாது.

இதைக்கொண்டு அவர் நோயை எளிதில் ஏற்றுக்கொண்டார் என்று கருதிவிடக் கூடாது. 1875 சனவரியில் நாட்குறிப்பில், நோய் தீராது எனில் இவ்வாழ்விலிருந்து விடுதலை பெறுவதே மேல் என்ற பொருள்பட எழுதினார். வேலை நடந்ததும் இந்த விரக்தி இருந்ததும் ஒரே நாள்களில்தான். சார்க்கா என்னும் மூன்றாம் பகுதி அடுத்த மாதமே நிறைவுற்றது.

வெளிநாட்டு மருத்துவர்களைக் காணப் பணம் தேவைப்பட்டது. முன்னாள் மாணவியர் கச்சேரி நடத்தி நிதி திரட்டினர். கோத்தன்பர்க் நண்பர்களும் உதவினர். 1875 வசந்த காலத்தில் வூர்ட்சுபர்க் நகரில் அன்டன் ஃபொன் திரோல்ட்சையும் வியன்னாவில் ஆடம் பொலிட்சரையும் கண்டார். இருவரும் அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த காது மருத்துவர்கள். காது மருத்துவம் தனித்துறையாக உருவாகக் காரணமானவர்கள். அவர்களாலும் எதுவும் செய்ய இயலவில்லை. விசெக்ராட் 1875 மார்ச்சிலும் வால்ட்டாவா ஏப்ரலிலும் முதன்முறையாக இசைக்கப்பட்டன. தம் படைப்பு வரவேற்கப்பட்டதா என்பதைக் கைகள் தட்டப்படுவதைப் பார்த்தே அவர் அறிய வேண்டியிருந்தது.

இன்று திடீர்ச் செவித்திறன் இழப்பு ஓர் அவசர நிலையாகக் கருதப்படுகிறது. மூன்று நாள்களுக்குள் ஒரு காதின் திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தால் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகளால் பலர் பயன்பெறுகின்றனர். காது அடைப்பு என்று எண்ணிப் பொறுத்திருப்பதே இந்நோயில் பெரும்பாலும் நிகழும் தாமதத்துக்குக் காரணம்.

யாப்கெனிட்சே

பதவி பறிபோனபின், தம் இசை நாடகங்களை அரங்கேற்றும் உரிமைக்கு ஈடாக அரங்கிலிருந்து ஆண்டுக்கு 1,200 கில்டன் தொகை பெற உடன்பாடு ஏற்பட்டது. அத்தொகையும் ஒழுங்காக வந்து சேரவில்லை. பிராக் நகரில் குடும்பம் நடத்த இயலாமல், 1876 சூனில் யாப்கெனிட்சே என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். முதல் மனைவியின் மகள்களுள் உயிர்பிழைத்த ஒரே மகளான சோஃபியா அங்கு வாழ்ந்தார். அவருடைய கணவர் யோசப் சுவார்ட்சு வனத்துறைப் பணியாளர். இரண்டாம் மனைவி பெட்டினாவுடனான உறவு இக்காலத்தில் மிகவும் கசந்துபோயிருந்தது. பேச்சு எழுத்து வழியாகவே நடக்க வேண்டிய வீட்டில் அது சீராக வாய்ப்பும் இருக்கவில்லை.

காட்டு வழியே நடப்பதும் சிறிது நேரம் எழுதுவதுமாக அவருடைய நாள்கள் கழிந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுதினால் தலைக்குள் இரைச்சல் பெருகிவிடும்; நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த வரையறைக்குள்தான் எலிசுக்கா கிராசுனோகோர்சுக்கா எழுதிக் கொடுத்த கதைகளுக்கு முத்தம் (1876), மறைபொருள் (1878), சாத்தானின் சுவர் (1882) ஆகிய மூன்று இசை நாடகங்களை இயற்றினார். முத்தம் பெருவெற்றி பெற்றது. மூன்றாவது வரவேற்புப் பெறவில்லை.

என் வாழ்விலிருந்து

1876 டிசம்பரில் முடிக்கப்பட்ட ஈ மைனர் நரம்பிசை நால்வர் படைப்புக்கு என் வாழ்விலிருந்து என்று பெயரிட்டார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகியவற்றுக்கான இப்படைப்பின் முதல் மூன்று பகுதிகள் இளமையின் கலை வேட்கை, நடனக் களிப்பு, முதல் மனைவி மீதான காதல் ஆகியவற்றைக் கூறுகின்றன. நான்காம் பகுதி மகிழ்ச்சியான நாட்டு நடனமாக விரைகிறது. திடீரென அது அறுபடுகிறது. மற்றக் கருவிகள் தாழ் சுரங்களில் நடுங்க, முதல் வயலின் மிக உயர்ந்த ஈ சுரத்தைத் தனியே நீட்டி ஒலிக்கிறது. வினாடிக்கு ஏறத்தாழ 2,640 அதிர்வுகள் கொண்ட ஒலி அது. தமது செவிட்டுத்தன்மையின் தொடக்கத்தை அறிவித்த சீழ்க்கை ஒலி அதுவே என்று 1878 இல் நண்பர் யோசப் ஸ்ருப்-தெபர்நோவுக்கு எழுதிய கடிதத்தில் ஸ்மெத்தனா விளக்கினார். அதன்பின் முந்தைய பகுதிகளின் நினைவுகள் ஒவ்வொன்றாக வந்து மறைய, இசை ஓய்ந்து அடங்குகிறது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயின்போது மாலை வேளைகளில் உண்மையில் தமக்குக் கேட்டது ஏ ஃபிளாட் மேஜர் ஒத்திசையின் சுரங்கள் மிக உயரத்தில் சேர்ந்தொலித்த கீச்சொலி என்றும் அவர் குறித்துள்ளார். ஆகவே நால்வர் படைப்பில் வரும் ஒற்றைச் சுரம் நோயின் நேர்ப்பதிவு அன்று. ஈ மைனரில் அமைந்த ஒரு படைப்பில் பொருந்துமாறு தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கொள்வதே பொருத்தம். நோய் இசையை எழுதியது என்ற பரவலான கூற்றைவிட, இசையமைப்பாளர் நோயை எழுதினார் என்பதே சரியாகும்.

இசைப்பதற்குக் கடினமானது, நால்வர் இசையின் எல்லையை மீறுவது என்று கருதிப் பிராக் நகர இசைச் சங்கம் இதை முதலில் ஏற்கவில்லை. 1878 இல் தனி வீடொன்றில் நடந்த முதல் வாசிப்பில் வியோலா வாசித்தவர் துவோர்சாக். 1879 மார்ச் 29 அன்று பொது மேடையேறியது.

இறுதிக்காலம்

என் தாய்நாடு தொகுதி 1879 இல் நிறைவுற்று, நவம்பர் 5, 1882 அன்று பிராக் நகரில் அடோல்ஃப் செக் என்பவரால் முதன்முறையாக முழுமையாக நடத்தப்பட்டது. இதற்கு முன், சூன் 11, 1881 அன்று செக் மக்களின் நன்கொடையால் எழுந்த தேசிய அரங்கு ஸ்மெத்தனாவின் லிபுசே இசை நாடகத்துடன் திறக்கப்பட்டது. அதை இயற்றியவருக்கு அழைப்பிதழ் அனுப்ப மறந்துவிட்டனர்; கடைசி நேரத்திலேயே இருக்கை கிடைத்தது. இரண்டு மாதத்தில் அவ்வரங்கு தீக்கிரையாயிற்று. மீண்டும் கட்டப்பட்டு 1883 நவம்பரில் திறக்கப்பட்டபோதும் லிபுசேயே மேடையேறியது.

1882 ஆம் ஆண்டு இறுதியில் தூக்கமின்மை, மனச்சோர்வு, பொய்த்தோற்றங்கள், தற்காலிகப் பேச்சிழப்பு ஆகியவை தோன்றின. தொடர்ந்து எழுதுவதையும் படிப்பதையும் மருத்துவர்கள் தடை செய்தனர். தொடங்கிய இசை வாக்கியத்தின் முன்பகுதியை மறந்துவிடும் நிலையிலும், துண்டு துண்டாக எழுதி இரண்டாம் நால்வர் படைப்பை 1883 மார்ச்சில் முடித்தார். 1884 இல் நாடே அவருடைய அறுபதாம் பிறந்தநாளைக் கொண்டாடியபோது அதில் கலந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை. ஏப்ரல் 23 அன்று பிராக் நகரின் கத்தரீங்கி மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மே 12 அன்று காலமானார். உடல் விசெக்ராட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

நோயின் காரணம் குறித்த கருத்துகள்

மருத்துவமனைப் பதிவேடு முதுமை மறதியை இறப்பின் காரணமாகக் குறிக்கிறது. குடும்பத்தினர் மேகப்புண் நோயே காரணம் என நம்பினர். 1874 ஆம் ஆண்டின் தொண்டைப் புண், உடல் தடிப்பு, அதைத் தொடர்ந்த காதுக் கோளாறு, இறுதி ஆண்டுகளின் மனநிலைச் சிதைவு ஆகியவை அந்நோயின் போக்குடன் பொருந்துவதால் பெரும்பாலான மருத்துவ ஆய்வாளர்கள் இதையே ஏற்கின்றனர். இருபதாம் நூற்றாண்டில் எமானுவேல் விலெச்செக் என்னும் ஆய்வாளர் தோண்டி எடுக்கப்பட்ட எச்சங்களைச் சோதித்து இதற்குச் சான்று இருப்பதாகக் கூறினார். அத்தனை பழைய திசுக்களின் சோதனையைக்கொண்டு உறுதியான முடிவுக்கு வர இயலாது என்று அறுவை மருத்துவர் யிர்சி இராம்பா மறுத்துள்ளார். மேகப்புண் நோய்க்குப் பயனுள்ள மருந்தான பெனிசிலின் 1940களில்தான் சிகிச்சைக்கு வந்தது என்பதால், சரியாக அறியப்பட்டிருந்தாலும் 1874 இல் அவருடைய காதுகளைக் காப்பாற்றியிருக்க முடியாது.

நினைவு

பிராக் நகரில் வால்ட்டாவா ஆற்றங்கரையில் இவர் பெயரிலான அருங்காட்சியகம் உள்ளது. யாப்கெனிட்சேயில் இவர் வாழ்ந்த இல்லமும் நினைவிடமாகப் பேணப்படுகிறது. 2047 ஸ்மெத்தனா என்னும் சிறுகோள் இவர் பெயரைத் தாங்கியது. பிராக் வசந்த இசைவிழா 1952 முதல் இவருடைய நினைவுநாளான மே 12 அன்று என் தாய்நாடு தொகுதியுடன் தொடங்குவது வழக்கம். இவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டான 2024 இல் கிரில் பெட்ரென்கோ நடத்த, பெர்லின் பில்ஹார்மோனிக் குழு அதை இசைத்தது.